எதிர்த் திசைக் கணக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். முப்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். பள்ளியில் படித்தபோது மற்ற பாடமெல்லாம் தேறினேன், கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. திரும்ப எழுதலாம் என்று நினைப்பதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

அடி அண்ணாமலையில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். சமைப்பது, பிள்ளைகளின் கைகால் கழுவிவிடுவது, மதியம் தூங்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. பாட்டும் கதையும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பது பணியாளர் அம்மாவின் வேலை. அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வரவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மேற்பார்வையாளர் ஒரு நாள் மையத்துக்கு வந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"டென்த் முடிச்சிருக்கியாம்மா?"

"கணக்கு மட்டும் நின்னுபோச்சுங்க மேடம்."

"அப்ப இந்தத் தடவையே எழுதி முடிச்சிடு. அடுத்த தடவைன்னா உனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயந்திரமே தனித்தேர்வராக எழுத என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தேன். விண்ணப்பம் போட வேங்கிக்கால் சேவை மையத்துக்குப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். சுற்றிலும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

"உனக்கும் கணக்குதானா?" என்றார்.

"வேற இன்னாக்கா இருக்கப்போவுது?"

அவருக்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை. ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் சின்னத் தையல் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வெள்ளைக் குர்தாவும் தொளதொள பைஜாமாவும் தைப்பார். நல்ல ஓட்டம். "எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா. அவ பத்தாவது வர்றதுக்குள்ள நான் பாஸ் பண்ணிடணும். இல்லன்னா எந்த வாயால அவள படின்னு சொல்றது?" என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

மையத்தைப் பூட்டியதும் ஷேர் ஆட்டோ பிடித்து அவர் கடைக்குப் போவேன். துணி வெட்டும் நீளமான மேசைதான் எங்களுக்குக் கரும்பலகை. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் மேசை மேலேயே கணக்குப் போடுவோம், ஈரத்துணியால் துடைப்போம். அக்காவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால் வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் கணக்கு பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். பசி என்னுடையது இல்லையே!

இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கும் பகுதிக்கு வந்தபோதுதான் புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றியது. சில குழந்தைகள், சில பொம்மைகள். ஆளுக்கு இரண்டு கொடுத்தால் ஐந்து மிஞ்சுகிறது. ஆளுக்கு மூன்று கொடுத்தால் நான்கு குறைகிறது. குழந்தைகள் எத்தனை, பொம்மைகள் எத்தனை?

"எண்ணிப் பார்த்தா தெரியப்போவுது. இதுக்கு ஒரு கணக்கா?" என்றேன்.

"எண்ண முடியாது. ரூம் பூட்டியிருக்குதுன்னு வச்சிக்கோ."

"பூட்டின ரூமுக்குள்ள இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் அதுக்கு எக்ஸுன்னு பேர் வைக்கச் சொல்றாங்க."

குழந்தைகள் எக்ஸ். பொம்மைகள் ஒய். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது தெரிந்த ஒன்றைப் போலவே நம் சொல்லைக் கேட்கிறது. இரண்டால் பெருக்கு என்றால் பெருக்கிக்கொள்கிறது, அந்தப் பக்கம் போ என்றால் அடையாளத்தை மாற்றிக்கொண்டு போகிறது. பள்ளியிலும் இதையேதான் செய்திருப்பேன், ஆனால் அப்போது எழுத்துகளை மனப்பாடமாக நகர்த்தினேன். இப்போது பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வரிகளையும் ஒன்றுக்கொன்று சமமாக்கினோம். எக்ஸ் ஒன்பது. ஒய் இருபத்துமூன்று.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, இருபத்துமூன்று மரக்கட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். கையில் ஐந்து மிஞ்சியது. எல்லாவற்றையும் வாங்கி ஆளுக்கு மூன்றாகக் கொடுத்தேன். ஏழு பிள்ளைகளுக்கு மூன்று மூன்று கிடைத்தது. எட்டாவது பிள்ளைக்கு இரண்டு. ஒன்பதாவது பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அவள் ஒரு கணம் தன் வெறும் கையைப் பார்த்தாள், பிறகு மையமே அதிரும்படி அழ ஆரம்பித்தாள். எட்டாவதுக்கு ஒன்று, ஒன்பதாவதுக்கு மூன்று. குறைந்தது சரியாக நான்கு. முந்தின நாள் செங்கம் சாலையில் ஒரு தையல் மேசை மேல் எழுதியது இங்கே கண்ணீரும் மூக்குச்சளியுமாக உட்கார்ந்திருந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சமாதானப்படுத்தினேன். எனக்கு உள்ளுக்குள் பயம் கலந்த ஒரு சந்தோஷம்.

அதன் பிறகு புத்தகத்தை எறியத் தோன்றவில்லை. வயதுக் கணக்கு, படகுக் கணக்கு, இரண்டு இலக்க எண்ணைத் திருப்பிப் போடும் கணக்கு என்று வரிசையாகப் போட்டோம். ஒவ்வொன்றிலும் கடைசி வரியில் விடை வந்து நிற்கும்போது நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். இப்படியே போனால் முப்பத்தைந்து வாங்கிவிடலாம் என்று தெம்பு வந்தது. தேற அவ்வளவு போதும். அப்போதுதான் ஒரு மாதிரி வினாத்தாளில் அந்த வட்டப்பாதைக் கணக்கு வந்தது.

பதினான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப்பாதை. இரண்டு பேர் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள். ஒரே திசையில் நடந்தால் வேகமாக நடப்பவர் மற்றவரைப் பதினான்கு மணி நேரத்தில் பிடிக்கிறார். எதிரெதிர்த் திசையில் நடந்தால் இரண்டே மணி நேரத்தில் சந்திக்கிறார்கள். அவர்கள் வேகம் என்ன?

"பதினாலு கிலோமீட்டரா? நம்ம கிரிவலப் பாததானே!" என்றேன். அக்காவுக்கும் சிரிப்பு. இது நம் வீட்டுக் கணக்கு, சும்மா ஊதித்தள்ளிவிடலாம் என்று ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தோம். நான் மேசையில் ஒரு வட்டம் போட்டேன். நடுவில் மலை. கோபுரத்தடியில் இரண்டு பேரை நிற்கவைத்து, அவர்கள் போகும் பக்கத்துக்கு அம்பு போட்டேன். படத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதினேன். பதினான்கு மணி நேரம் என்றதால் எக்ஸ் கழித்தல் ஒய் ஒன்று என்று வந்தது. இரண்டு மணி நேரம் என்றதால் எக்ஸ் கழித்தல் ஒய் ஏழு என்று வந்தது.

அப்படியானால் ஒன்றும் ஏழும் சமம்.

முதலில் என் மேல் சந்தேகப்பட்டேன், பிறகு வழக்கம்போல் புத்தகத்தின் மேல். எட்டிப் பார்த்தால் அக்காவின் பக்கத்திலும் ஒன்றும் ஏழும் சமமாகத்தான் நின்றிருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே பிழை வருமா? அச்சுக்காரன் தப்பு என்று முடிவுகட்டினோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. அன்று அக்கா எழுந்து போனபோது நானும் வள்ளென்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நான்கைந்து நாள் அது தொண்டையில் முள்ளாக நின்றது. இது கேள்வியாக வந்தால் போச்சு, இதைப் போல் வந்தாலும் போச்சு. பருப்பைக் கடையும்போதும் ஒன்று எப்படி ஏழாகும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு பாதையை ஒட்டியே இருப்பதால் வாசலில் இறங்கினால் கிரிவலம்தான். சாயந்திரம் நானும் வீட்டுக்காரரும் கூட்டத்தோடு கலந்தோம். அவர் எப்போதும் முன்னால் போய்விடுவார். எனக்குப் பின்னால் ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை கையில் ஒரு பீப்பி. ஊதுகிறான், ஊதுகிறான், நிறுத்தவே இல்லை. காது போய்விடும் போலிருந்தது. எட்டி நடந்து தப்பிக்கப் பார்த்தேன். எவ்வளவு வேகமாகப் போனாலும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியது. மூச்சு வாங்கி மெதுவானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. திரும்பி ஒரு முறை முறைத்தும் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினான்.

வாயு லிங்கம் தாண்டியிருக்கும். சட்டென்று ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேனா? கணக்கு மண்டையில் ஓடினால் கை என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்! வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

மற்ற நாளில் கடைக்குப் போகவும் பஸ் பிடிக்கவும் அந்தச் சாலையில் எந்தப் பக்கமும் போவோம், வருவோம். ஆனால் பௌர்ணமியன்று கூட்டத்துக்கு எதிராக நான் நடந்ததே இல்லை. மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் நடந்திருக்கிறேன். அதுவரை நடந்ததிலெல்லாம் நான் பார்த்தது முதுகுதான். சட்டை முதுகு, ஈரப் புடவை முதுகு, பை தொங்கும் முதுகு. திரும்பினதும் எல்லாம் முகமாகிவிட்டது. ஆயிரம் ஆயிரம் முகம், வேர்த்த முகம், விபூதி கரைந்த முகம், பாடிக்கொண்டு வரும் முகம், எல்லாம் என்னை நோக்கிக் கொட்டியது. அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏம்மா, எதிர்ல வந்தா எப்பிடி? ஓரமா போங்கம்மா!" என்று ஓர் அம்மா அதட்டினார்.

அந்தப் பீப்பிக்காரனைத் தேடினேன். இவ்வளவு நேரம் என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்த சத்தம், நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் முன்னால் வந்தது, பக்கத்தில் வந்தது, தாண்டியும் போய்விட்டது. அவ்வளவுதான், ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

ஒரே பக்கம் நடந்தபோது பிள்ளையைச் சுமந்து வந்தவர் வேகத்தை என் வேகம் தின்றுவிட்டது. எதிரே நடந்தபோது இரண்டு வேகமும் சேர்ந்துகொண்டது. எதிரெதிர் என்றால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்! கணக்கில் எதிரெதிர்த் திசை என்று அச்சடித்துத்தான் இருந்தது. இரண்டு பேரும் படித்துத்தான் இருந்தோம். ஆனால் மலையைச் சுற்றி அம்பு போடு என்றால் எங்கள் ஊர்க்காரியின் கை வலமாகத்தான் போடும், இன்னொரு பக்கம் போட அதற்கு வராது. கை போட்ட அம்பைப் பார்த்து மூளையும் கழித்துவிட்டது. அப்போதும் அந்தக் கணக்கு பேசாமல் இருக்கவில்லை. ஒன்றும் ஏழும் சமம் என்று முகத்துக்கு நேரே சொல்லியது, நாங்கள்தான் அச்சுக்காரனைத் திட்டினோம்.

வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. தரையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எக்ஸ் கழித்தல் ஒய் ஒன்று. எக்ஸ் கூட்டல் ஒய் ஏழு. எக்ஸ் நான்கு, ஒய் மூன்று. மணிக்கு நான்கு கிலோமீட்டரும் மூன்று கிலோமீட்டரும், மனுஷர்கள் நடக்கிற வேகம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விடத் தோன்றவில்லை. ஒரே திசையில் பதினான்கு மணி நேரம் நடந்தால் வேகமானவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்? ஐம்பத்தாறு கிலோமீட்டர். சரியாக நான்கு சுற்று. மெதுவானவர் நாற்பத்திரண்டு. சரியாக மூன்று சுற்று. அப்படியானால் அவர் இவரைப் பிடிக்கும் இடம் பாதையில் வேறெங்கும் இல்லை, கிளம்பிய அதே இடம். கோபுரத்தடியில் சேர்ந்து கிளம்பியவர்கள் கோபுரத்தடியிலேயே சேர்கிறார்கள். கேள்வியில் இது இல்லை. விடையிலும் கேட்கவில்லை. யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், அது அந்த எண்களுக்குள் இருந்திருக்கிறது. வெளியே பாதையில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. நான் கையில் பென்சிலோடு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கடையில் அக்காவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு வந்து மேசையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கடைசி வரியில் கையை நீட்டிக் காட்டினார், முடி குத்திட்டு நின்றிருந்தது.

"இத யாருக்கா இப்படி வச்சிருப்பாங்க? அண்ணாமலையாரு வேலதான்" என்றேன்.

"யாரும் வைக்கல. எப்பவும் இருக்குது. நாமதான் இப்ப வந்து பாக்கறோம்" என்றார். உலகத்தைப் படைத்தவர் என்று ஒருவர் இல்லை என்பது அவர்கள் வழி. விட்டுக்கொடுக்காமல் கொஞ்ச நேரம் வாதாடினோம். அன்று மட்டும் இருட்டத் தொடங்கியும் அவர் உடனே எழவில்லை. நான்தான் நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

தேர்வு நாளில் என் பக்கத்துப் பெஞ்சுப் பையன், "ஆன்ட்டி, நீங்க சூப்பர்வைசருங்களா?" என்று கேட்டான். "ஆமா, உன்ன மட்டும் பார்க்க வந்தேன்" என்றேன். பயல் தேர்வு முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. வட்டப்பாதை வரவில்லை, வயதுக் கணக்கு வந்தது. விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வெளியே வந்தபோது அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "தொடுகோடு வரையறதுலயே நேரம் போயிடுச்சு" என்றார். முகம் வாடித்தான் இருந்தது. "அதெல்லாம் வந்துடும்க்கா" என்றேன்.

முடிவு வரும் நாளில் எனக்குப் பார்க்கத் துணிவில்லை. என் பதிவெண்ணையும் அக்காவிடமே கொடுத்திருந்தேன். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பணியாளர் அம்மா கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தது.

"பாத்துட்டேன்" என்றார் அக்கா.

"இன்னாக்கா? சொல்லுங்க."

"சும்மா சொல்ல மாட்டேன். சாக்பீஸ் எடு."

"விளையாடாதீங்கக்கா. எனக்கு இங்க உயிர் போவுது."

"எடுடின்னா! உன்னோட மார்க்கு எக்ஸ். என்னோடது ஒய். ரெண்டையும் கூட்டினா எழுபத்தாறு. உன்னோடதுல என்னோடத கழிச்சா பதினாலு. எழுதிட்டியா?"

பிள்ளைகளின் பாய்களுக்கு நடுவில் தரையில் எழுதினேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. இன்னும் சில வரிகளில் என் விதி இருக்கிறது, அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, என் கை மட்டும்தான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இரண்டு வரியையும் கூட்டினேன். ஒய் அடிபட்டுப் போயிற்று. இரண்டு எக்ஸ் தொண்ணூறு.

"அக்கா! நாப்பத்தஞ்சு!" பிள்ளைகள் எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"நாப்பத்தஞ்சேதான். பாஸு! இனிமே நீதான் டீச்சரம்மா" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஒய்க்கு எதிரே ஒன்றும் எழுதாமல் இருந்தது. எழுபத்தாறிலிருந்து நாற்பத்தைந்தைக் கழித்தேன். முப்பத்தொன்று.

தேற முப்பத்தைந்து வேண்டும்.

மறுபடி கழித்துப் பார்த்தேன். அதே முப்பத்தொன்றுதான். இதைத் தெரிந்துகொண்டுதான் அவர் உட்கார்ந்து எனக்குக் கணக்குத் தயார் செய்திருக்கிறார். கூட்டியதும் என் மதிப்பெண் முதலில் வரும்படி, நான் சந்தோஷப்பட்டு முடித்த பிறகே அவருடையது வரும்படி செய்திருக்கிறார். மலையைச் சுற்றும் அந்த எண்களைப் பார்த்து மலைத்துப்போயிருந்தேனே, அந்த மலைப்பெல்லாம் இந்த மனசுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"ஒய்யும் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுக்கா."

"போட்டுப் பாத்தியா? ரெண்டுலயும் சரியா வரணும்."

நாற்பத்தைந்தும் முப்பத்தொன்றும் எழுபத்தாறு. நாற்பத்தைந்தில் முப்பத்தொன்று போனால் பதினான்கு.

"சரியா வருதுக்கா" என்றேன்.